முன்சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டி

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எத்தனையோ ஆயிரம் பேர் கார் ஓட்டுகிறார்கள். காரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு காரை எடுக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்ட். பெயர் பொட்டி சார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். கலெக்டர் வளாகத்து டீக்கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் "அப்படி யாரும் இல்லீங்களே" என்பார்கள். "பொட்டி சார்" என்றால், "இன்னைக்கு வண்டி எங்க நின்னுபோச்சாம்?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

நான் அவருக்குக் கீழே அசிஸ்டென்ட். இரண்டு பேருக்கும் வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். "பஸ்ல இன்னாத்துக்கும்மா இடிபட்டுக்கினு வர்ற, நம்ம வண்டியில வா" என்று அவர் ஒருநாள் கூப்பிட்டார். நானும் உட்கார்ந்துகொண்டு போகலாமே என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டகுப்பத்துக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஜப்பான் கார் அது. பொட்டி சார் அதை வாங்கியபோது என் பெரியவன் பிறந்திருக்கவில்லை. இப்போது அவன் மீசை வைத்துக்கொண்டு திரிகிறான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமானுக்குக் கார்பரேட்டர் என்று பெயர். அந்தக் காலத்துக் கார்களில் அது தன்பாட்டுக்கு ஓர் அளவில் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கும். இந்தக் காலத்துக் கார்களில் கார்பரேட்டரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச காலம் ஜப்பான்காரனுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. கார்பரேட்டரும் இருக்கட்டும், அதை மேய்க்க ஒரு கம்ப்யூட்டரும் இருக்கட்டும் என்று. அந்தக் கொஞ்ச காலத்தில் பிறந்து தொலைத்த கார் இது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் பொட்டி. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. அதை வைக்க ஜப்பான்காரனுக்கு வேறு இடமே கிடைக்காமல் முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டான். முன்சீட்டில் உட்காருவது நான்.

ஆகவே எனக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. காலை நீட்டக்கூடாது, பின்னுக்கும் இழுக்கக்கூடாது, ஒருக்களித்து மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஈரக் குடை கூடவே கூடாது. சாப்பாட்டுக் கேரியர் மடியில்தான் இருக்க வேண்டும், அதிலும் ரசம் கொண்டுவருகிற நாளில் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சோபாவில் உட்காரும்போதும் எனக்குக் கால் தானாக மடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இங்க பொட்டி ஒண்ணும் இல்ல, தாராளமா நீட்டு" என்பார். அவருக்கென்ன, பைக்கில் போகிறவர்.

காலையில் என் தெருமுனைக்கு வந்ததும் சார் வண்டியை அணைத்துவிடுவார். எஞ்சின் ஓடும்போது ஆள் ஏறினால் பொட்டி திடுக்கிடுமாம். நான் ஏறிக் கதவை மெதுவாக, மிக மெதுவாகச் சாத்துவேன். சார் சாவியை அரைத் திருப்பு திருப்புவார். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைகிறவரை வண்டிக்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது.

"சார், போலாமா?"

"இரும்மா. பொட்டி யோசிச்சிக்கினு இருக்குது."

"இதுல இன்னா சார் யோசனை? டெய்லி போற ரோடுதானே?"

"ரோடு அதேதான். காத்து அதேவா? நேத்து காத்து வேற, இன்னைக்கு காத்து வேற. எல்லாத்தையும் பாத்துதானே அது முடிவு பண்ணணும்? நீ பேசிக்கினே இருந்தா அது எப்பிடி யோசிக்கும்?"

பின்சீட்டில் ரெக்கார்டு கிளார்க் தணிகாசலம் இருப்பார். அவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏறியதும் தூங்கிவிடுவார். நடுவழியில் வண்டி குலுங்கி நின்றால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "டோல்கேட் வந்துடிச்சா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

சில நாள் அந்த மஞ்சள் விளக்கு அணையவே அணையாது. பொட்டிக்குக் கோபம் என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு நெடுஞ்சாலையில் மாட்டுவண்டி வேகத்தில்தான் போவோம். எங்கள் ஆபீஸில் முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். மெஷினுக்கு முன்னால் நான் மூச்சிரைக்கப் போய் நிற்பேன், அது "தாமதம்" என்று சிவப்பில் காட்டும். என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டியவர் சூப்பரின்டென்ட். அவரே எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் மோசம். சாரின் மனைவி இழைத்துக் கொடுத்த சந்தனம் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் வரும். கூடவே குங்குமம். சார் என்னை இறக்கி நடுத்தெருவில் நிற்கவைத்துவிட்டு, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, மண்டி போட்டுக் கையை உள்ளே விடுவார். பொட்டி கண்ணுக்குத் தெரியாது. கைக்கு எட்டுகிற பக்கமாகத் தடவிப் பார்த்து, தாராளமாக ஒரு அப்பு அப்புவார். ஆயுத பூஜை அன்றைக்கு என்றால் கிண்ணம் பெரிதாகிவிடும்.

சாரின் மனைவி ஒருதரம் என்னிடம் சொன்னார். "கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு ஒரு முழம் பூ அவரா வாங்கியாந்தது இல்லம்மா. அந்தத் தகரத்துக்கு மட்டும் வாரா வாரம் சந்தனம் இழைக்கிறேன். நான் வாக்கப்பட்டது அவருக்கா, அதுக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்குது."

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பொட்டியில் என்று கேட்டுவிடக்கூடாது. கல்யாண வீட்டில் பந்திக்கு நின்றாலும் சரி, சாவு வீட்டில் மாலையோடு நின்றாலும் சரி, ஆரம்பித்துவிடுவார்.

"வண்டி உடுற பொகை இருக்குது பாத்தியா, அந்தக் கொழாய்ல ஒரு மூக்கு வச்சிருக்கான். அது மோந்து பாத்து பொட்டிக்குச் சொல்லும், பெட்ரோல் ஜாஸ்தி போவுதுன்னு. பொட்டி ஒடனே கார்பரேட்டருக்குச் சொல்லும், கொறைடான்னு. கொறைச்சிடும். தான் உட்ட பொகைய தானே மோந்து பாத்து, தன் தப்ப தானே திருத்திக்குது. நம்ம ஆபீஸ்ல எவனாச்சும் இத்த செய்வானா? நீ செய்வியா?"

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்கிற அந்த வண்டி விட்ட புகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொசு மருந்து அடிக்கிற வண்டி எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற அம்மா, தூரத்தில் எங்கள் கார் வருவது தெரிந்தாலே முந்தானையால் கூடையை மூடிக்கொள்வார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பைக்கில் வந்த ஒருவர், எங்கள் பின்னால் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, எங்களை முந்தி வந்து வண்டியை மறித்து, ஒன்றும் பேசாமல் வேட்டியை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். சார் அவர் போகிறவரை பார்த்துவிட்டு, "பொட்டிக்கு மனசு சரியில்ல" என்றார்.

மனசு சரியில்லாத பொட்டிக்கு ஊரே வைத்தியம் சொன்னது. எல்லாரும் சொன்னது ஒரே வைத்தியம்தான். கழட்டி எறி.

இதில் முதல் ஆள் கூட்டேரிப்பட்டு மெக்கானிக் மணி. எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் எதையாவது கழட்டிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. அதனால் சுற்றுவட்டாரத்தில் அவருக்குக் கழட்டு மணி என்று பெயர். அவர் பட்டறை வாசலில் குவிந்து கிடக்கிற சாமான்களை வைத்து இன்னொரு பட்டறை கட்டலாம்.

"சார், கோச்சிக்காதீங்க," என்பார் கழட்டு மணி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. "இன்னா சார் இது, எஞ்சினா, ஐ.சி.யூ வார்டா? எங்க பாத்தாலும் டியூபு. ஒண்ணு வெடிச்சிதுன்னா எதுன்னு நான் தேடறது? ஸ்பேர் கெடைக்காது. ஜப்பான்காரனே இத்த மறந்து எத்தினியோ வருஷம் ஆயிடிச்சி. பொட்டிய கழட்டிட்டு சாதா கார்பரேட்டர் ஒண்ணு மாட்டி உடறேன். அரை நாள் வேலை. அப்பால நீங்க வண்டிய மறந்துடலாம்."

"நான் இன்னாத்துக்கு மறக்கணும்?" என்பார் சார்.

டியூப் விஷயத்தில் மணி சொன்னது நியாயம்தான். பழைய ரப்பர் குழாய்கள் வெடித்தபோது ஒரிஜினல் கிடைக்காமல், மெடிக்கல் ஷாப்பில் சலைன் ஏற்றுகிற டியூபை வாங்கி வெட்டி மாட்டியிருந்தார் சார். பானட்டைத் திறந்தால் பார்க்கிறவர்களுக்கே நாடி பிடித்துப் பார்க்கத் தோன்றும்.

நானும் மணி கட்சிதான். அதை மறைத்ததில்லை. "கழட்டிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று வாரத்துக்கு ஒருதரமாவது சொல்வேன். கடைசியில் "கழட்டு" என்ற வார்த்தையையே வண்டிக்குள் சொல்லக்கூடாது என்று தடை வந்தது. கண்ணாடியைக் கழட்டு, செருப்பைக் கழட்டு, எதுவும் கூடாது. எடு, அவிழ் என்று சுற்றிவளைத்துப் பேச வேண்டும்.

ஒருநாள் தலைவலியில் மறந்துபோய், "அந்த ஸ்வெட்டர கழட்டுங்களேன் தணிகாசலம், பாக்கவே வேர்க்குது" என்று சொல்லித் தொலைத்தேன். சொல்லி வாய் மூடவில்லை, கூட்டேரிப்பட்டு மேம்பாலம் தாண்டி வண்டி இருமிக்கொண்டே போய் ஓரத்தில் நின்றது. பக்கத்தில் லாரிகள் எங்களை உலுக்கிக்கொண்டு பறக்கின்றன. சார் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"மன்னிப்பு கேளு."

"யாருகிட்ட?"

கண்ணால் சீட்டுக்கு அடியில் காட்டினார்.

"சார், எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. காலேஜ் படிக்குது. நான் ஒரு தகர டப்பாகிட்ட..."

"டப்பாங்கற பாரு. இன்னும் கோச்சிக்கும். கேளும்மா, ஜல்தி. மணி ஆவுது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் மெஷினில் முகம் காட்ட வேண்டுமே. குனிந்தேன். குனிகிற வேகத்தில் மடக்கி வைத்திருந்த கால் சறுக்கி, குதிகால் சீட்டுக்கு அடியில் எதிலோ நன்றாக இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிடுப்பா" என்றேன். சார் சாவியைத் திருப்பினார். வண்டி சட்டென்று கிளம்பியது.

"பாத்தியா?" என்றார்.

"டோல்கேட் வந்துடிச்சா?" என்றார் தணிகாசலம்.

அன்றிலிருந்து வண்டி நின்றால் மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. என்ன கொடுமை என்றால், பெரும்பாலும் பலித்தது. நான் குனிந்து, நகர்ந்து, முனகி எழுந்தால் வண்டி கிளம்பிவிடும். தணிகாசலத்தைக் கேட்கவைத்தால் கிளம்பாது. அவர் பின்சீட்டிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மனசார கேக்கணும், இவளப் பாரு, எப்பிடி கேக்கறா" என்று சார் அவரிடம் என்னை உதாரணம் காட்டுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆர்.சி. புதுப்பிக்கிற வேளை வந்து சேர்ந்தது. பழைய கார் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால்தான் ரோட்டில் ஓட்டலாம். அதற்குப் புகை டெஸ்டில் பாஸாக வேண்டும். முந்தைய தடவைகளில் எப்படியோ தட்டுத்தடுமாறிப் பாஸாகிவிட்டது. இந்தத் தடவை டெஸ்ட் எடுக்கிறவர் புகைக்குழாயில் கருவியைச் சொருகிவிட்டு, எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டார். அங்கிருந்தபடியே கையை விரித்துக் காட்டினார்.

வண்டியைப் பார்த்த அதிகாரி நல்ல மனிதர். "இன்னொரு தடவை கொண்டாங்க சார். சரிபண்ணிக் கொண்டாங்க. அதுலயும் வரலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, வண்டிய நிறுத்திட வேண்டியதுதான்" என்றார். நிறுத்துவது என்றால் நிழலில் நிறுத்துவது இல்லை. காயலான் கடை.

இப்போது ஊரே சாரைச் சூழ்ந்துகொண்டது. கழட்டு மணி சாதா கார்பரேட்டரைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சாரின் மனைவி சொன்னார். ஆபீஸ் முழுக்கச் சொன்னது. நான் சொன்னதைக் கேட்கவே வேண்டாம்.

"சார், பொட்டிய எடுத்துட்டா வண்டி பொழைக்கும். பொட்டி இருந்தா ரெண்டுமே போவும். இது கூடவா உங்களுக்குப் புரியல?"

"பொட்டிய எடுத்துட்டு பாஸ் பண்ணா, பாஸ் பண்றது வேற வண்டிம்மா. அதுக்கு இன்னாத்துக்கு நான் அலையணும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கியோ தப்பு இருக்குது. அதுவா தப்பு பண்ற ஜாதி இல்ல அது" என்றார்.

அந்த வாரம் அவர் பழைய ஆளாக இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்தபோது எங்களைப் பேசாதே என்று சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே காலை நீட்டினேன். பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த மனிதரைத் திட்டிக்கொண்டே ஆபீஸ் போய்ப் பழகிவிட்டேன். வண்டி போனால் இவரும் வீட்டு ஈஸிசேரில் ஒடுங்கிவிடுவார் என்று தோன்றியது. அதை நினைத்ததும் அவர்மேல் இன்னும் கோபம்தான் வந்தது.

மறு டெஸ்டுக்கு வரச்சொன்ன நாளும் வந்தது. திண்டிவனத்திலிருந்து கிளம்பினோம். சார் தலையை நிமிர்த்தவே இல்லை. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

வழக்கம்போல நான் குனிந்தேன். அந்த அவசரத்தில் தோட்டின் திருகாணி கழன்று சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. என் மாமியார் போட்ட தோடு. பொட்டியாவது சட்டமாவது என்று இறங்கி, சீட்டைத் தள்ளி, கையை உள்ளே விட்டுத் துழாவினேன். திருகாணி கிடைத்தது. கையை வெளியே எடுத்தால் விரலெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, காய்ந்த சந்தனக் கட்டி. அதற்கு நடுவே பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

செல்போன் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தேன். இத்தனை வருஷம் நான் யார்மேல் உட்கார்ந்திருந்தேன் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பொட்டியின் உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லை. அது சுத்தமாக இருந்தது. அதற்குள் ஒயர்கள் வந்து சொருகுகிற வாய் இருக்கிறதே, அது முழுக்க அடைக்குமேல் அடையாகச் சந்தனம் பூசிக்கிடந்தது. சாரின் கைக்கு எட்டிய பக்கம் அதுதான்.

"சார், இங்க வாங்க. இது இன்னா?"

"சந்தனம்மா."

"அது தெரியுது. இந்தப் பச்சை?"

குனிந்து பார்த்தார். ஒரு விரலால் அதைச் சுரண்டினார்.

"எங்க வீட்டு காமாட்சி விளக்குல சந்தனம் குங்குமம் வச்சிட்டு தொடைக்காம உட்டா இப்பிடித்தான் சார் பச்சை பூக்கும். களிம்பு. புளி போட்டுத் தேய்ச்சாதான் போவும். நீங்க வாரா வாரம் ஈரச் சந்தனத்த ஒயர் சொருகற எடத்துலயே அப்பிக்கினு இருந்தா, அதுக்கு மூக்கு அடைக்காம இன்னா பண்ணும்? நான் மன்னிப்பு கேட்டா வண்டி கெளம்புச்சே, அது என் மன்னிப்புக்கு இல்ல சார். நான் குனியும்போது காலு பட்டு ஒயர் ஆடுச்சி, அதுக்கு!"

சார் ரோட்டோரத்தில் மண்டி போட்டபடியே இருந்தார். லாரிக் காற்றில் அவர் தலைமுடி பறந்தது. "நானா?" என்றார். விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே, "நானேவா கெடுத்தேன்?" என்றார்.

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. சிவப்பில் எழுதிய தாமதங்கள், மடங்கிய கால், தகர டப்பாவிடம் கேட்ட மன்னிப்புகள் எல்லாவற்றுக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தேன். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

"பாசம் ஜாஸ்தியாயிடிச்சி சார், வேற ஒண்ணுமில்ல" என்றேன். "எழுந்திரிங்க. மணி பட்டறை பக்கத்துலதானே இருக்குது?"

தணிகாசலத்தை எழுப்பித் தள்ளவைத்தோம். அவர் பாதித் தூக்கத்தில்தான் தள்ளினார்.

கழட்டு மணி சாதா கார்பரேட்டரோடு சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். "வந்துட்டீங்களா சார்! இதோ, கழட்டி..."

"திரும்ப மாட்டணும்!" என்று நானும் சாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பாவம், அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. ஒயர்ச் சொருகியை வெளியே எடுத்து, பெட்ரோலைத் தொட்டுப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். சார் பக்கத்தில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, வலிக்கப்போவுது" என்று அவர் பிராணனை வாங்கினார். நான் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டினேன். விளக்குத் தேய்த்துப் பழகிய கை. களிம்பு உதிர உதிர அடியிலிருந்த பித்தளை மின்னியது. ஊதி, காயவைத்து, மணி தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கழட்டிய ஒன்றைக் கழட்டிய இடத்திலேயே மாட்டினார்.

சார் சாவியை அரைத் திருப்பு திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது, அடுத்த நொடியே அணைந்துவிட்டது. சார் ஏமாந்துபோனவர் மாதிரி என்னைப் பார்த்தார். "யோசிக்கவே இல்லியேம்மா?"

"தெளிவா இருக்கறவங்களுக்கு எதுக்கு சார் யோசனை? கெளப்புங்க."

எஞ்சின் ஓடியது. இருமல் இல்லை. கழட்டு மணி பானட்டுக்குள் காதை வைத்தார். "இன்னாது சார், உள்ள பல்லி கத்துது?"

டிக், டிக், டிக் என்று கார்பரேட்டர் பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு சத்தம். பொட்டி சொல்கிறது, கார்பரேட்டர் கேட்கிறது, கூட்டு, குறை, கூட்டு, குறை. வாங்கிய புதிதில் கேட்ட சத்தமாம். அப்புறம் எப்போது நின்றுபோனது என்று அவருக்கே தெரியவில்லை. சார் பானட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "பேசுது" என்றார்.

புகை டெஸ்ட் எடுக்கிறவர் எங்களைக் கண்டதும் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கத் தயாராக நின்றார். குழாயைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், மறுபடியும் குழாயைப் பார்த்தார். "சார், வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"ஓடிக்கினுதான்யா இருக்குது," என்றார் சார், இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு கம்பீரத்தோடு.

பாஸ். ஐந்து வருஷத்துக்கு ரோட்டில் போகலாம். திரும்பும்போது தணிகாசலம், "டோல்கேட் வந்துடிச்சா?" என்று கேட்டதற்கு, சார் இத்தனை காலத்தில் முதல்முறையாக, "இன்னும் இல்லப்பா, நீ தூங்கு" என்று பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சர்வீஸ் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, மிக்சர் கொடுத்து ஆபீஸில் அனுப்பிவைத்தோம். நானும் நாலு வார்த்தை பேசினேன். அதில் மூன்று வார்த்தை திட்டுதான். சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலையில் பழையபடி பஸ்ஸில் இடிபட வேண்டியதுதான் என்று பையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் தணிகாசலம் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே?"

"நான் ரிட்டயர். பொட்டிக்கு யாரு ஆர்டர் குடுத்தது?" என்றார். "அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துருக்கான். சும்மா வூட்டாண்ட நிறுத்தி வச்சா தெரிஞ்சதெல்லாம் மறந்துபூடும். உன்ன இறக்கி உட்டுட்டு நான் பாட்டுக்கு வந்துடுவேன். ஏறு. காலை மடக்கி உக்காரு."

ஏறினேன். வேறு என்ன செய்வது?

ஆபீஸில் பொறுப்பை ஒப்படைக்கிற அவசரத்தில் நடுவே சந்தனம் விட்டுப்போயிருந்தது. ரிட்டயர் ஆனபிறகு முதல் வெள்ளிக்கிழமை வந்தது. பழைய வழக்கம்போல வெள்ளிக் கிண்ணம் டாஷ்போர்டில் இருந்தது. சாரின் மனைவி பழக்கதோஷத்தில் இழைத்துக் கொடுத்துவிட்டாராம். என்னை இறங்கச் சொன்னார். மண்டி போட்டார். சந்தனத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு கையை உள்ளே கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். விரலைப் பார்த்தார். அந்தக் கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அவர் தவித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. திட்டலாம் என்று வாயெடுத்தேன்.

அவர் கிண்ணத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அதுக்கு வைக்கக்கூடாது. தெரிஞ்சிபோச்சி. நீ வச்சிக்கம்மா. இத்தினி வருஷம் அதுமேல உக்காந்துக்கினு, திட்டிக்கினே காவல் காத்தவ நீதானே."

நடுத்தெருவில், பால்காரரும் பள்ளிக்கூட வேனும் பார்க்க, நான் கொஞ்சம் சந்தனம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். அதற்குமேல் குங்குமம். "லேட்டாவுது, கெளப்புங்க சார்" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், எழுதித் தொலைக்கிறேன்.

அன்றைக்கும் மெஷின் சிவப்பில்தான் காட்டியது. அதன் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பொட்டு ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. சாயங்காலம் வரை நான் அதைச் சரிசெய்யவே இல்லை.